3 நாடு, 41 இண்டிகேட்டர்: நடத்தை மாற்றத் திட்டத்தில் எம் அண்ட் இ தலைமை. எங்கிருந்து தொடங்குவது?

புதுப்பொறுப்பு

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னாட்டுச் சுகாதாரத் திட்டம் ஒன்றில் எம் அண்ட் இ (கண்காணிப்பு, மதிப்பீடு) தலைமைப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 3 நாடுகள், 4 வருடம், இரண்டே நடத்தைகள்: சோப்பு போட்டுக் கை கழுவுவது, முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது. இதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் சேவைத் தரவு. தடுப்பூசி எத்தனை டோஸ் போனது, எத்தனை பிரசவம் நடந்தது என்றால் பதிவேட்டைத் திறந்தால் போதும், எண் இருக்கும். இங்கே அளக்க வேண்டியது வீட்டுக்குள் நடக்கிறது, அதைப் பதிவு செய்ய யாரும் இல்லை.

கைக்கு வந்த லாக்ஃபிரேமில் (திட்டத்தின் இலக்குகளையும் அளவுகளையும் அடுக்கும் அட்டவணை) 41 இண்டிகேட்டர், அதாவது அளவீட்டுக் குறியீடு. முக்கால்வாசி "எத்தனை பேருக்குப் பயிற்சி", "எத்தனை முறை வானொலி ஸ்பாட் ஓடியது" வகை. மிச்சத்தில் பாதி "கை கழுவுவதன் அவசியம் தெரிந்தவர்களின் சதவீதம்". பேஸ்லைன் (திட்டத்துக்கு முந்தைய கணக்கெடுப்பு) 3 மாதத்தில் தொடங்கியாக வேண்டும். நிதி கொடுப்பவர்களோ கடைசியில் நடத்தை மாறியதை எண்ணோடு காட்டச் சொல்கிறார்கள். நாட்டு அலுவலகங்கள் மூன்றும் மூன்று விதமான படிவம் வைத்திருக்கின்றன.

எதை முதலில் கையில் எடுப்பது, எதை விட்டுத் தொலைப்பது?

அளவுகோல்

வாழ்த்துகள். 41-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம், அதற்கு இரண்டு மடங்கு உள்ளதையெல்லாம் இந்தத் துறையில் பார்க்கலாம். யாருக்கும் எதையும் மறுக்க மனம் வராத ஏதோ ஒரு கூட்டத்தில் பிறந்தவை அவை.

இண்டிகேட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் நடத்தையை எழுதுங்கள். "கை கழுவும் பழக்கம் மேம்படும்" என்பதை யாராலும் அளக்க முடியாது. யார், எந்தத் தருணத்தில், எதைக் கொண்டு? "2 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்பவர், குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்தவுடன் இரண்டு கையையும் சோப்பு போட்டுக் கழுவுகிறார்." இப்படி ஒரு வரி எழுதி 3 நாட்டுக் குழுவிடமும் ஒப்புதல் வாங்குங்கள். அந்த ஒரு வரிக்கே பெரிய சண்டை நடக்கும், நடக்கட்டும். செய்தி தயாரிக்கிறவர் சாப்பிடுவதற்கு முன் கழுவுவதைப் பற்றி விளம்பரம் எடுத்துக்கொண்டிருப்பார், நீங்கள் கழிப்பறைக்குப் பின் கழுவுவதை அளந்துகொண்டிருப்பீர்கள். இந்த முரண் பேஸ்லைனுக்கு முன்னால் வெளியே வந்தால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, "கை கழுவுகிறீர்களா" என்று யாரையும் கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சரி, நேரில் உட்கார்ந்து கவனித்தால்? அதிலும் ஓட்டை உண்டு. வங்கதேசத்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அசைவை உணரும் கருவியை சோப்புக்குள் வைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆள் உட்கார்ந்து கவனித்த 5 மணி நேரத்தில் சோப்பு அசைந்த எண்ணிக்கை 35 சதவீதம் கூடியிருந்தது. வீட்டுக்குள் விருந்தாளி இருந்தால் எல்லோருமே கொஞ்சம் சுத்தமாகத்தானே நடந்துகொள்வோம். ஆனாலும் கேட்டு வாங்கும் பதிலைவிடக் கண்ணால் பார்த்தது பல மடங்கு மேல். பேஸ்லைனிலும் எண்ட்லைனிலும் (திட்ட முடிவில் எடுக்கும் கணக்கெடுப்பு) அந்தக் கூடுதல் ஓரளவு ஒரே மாதிரி இருந்தால், வித்தியாசத்தையாவது நம்பலாம்.

களத்துக்காரன்

> நேரில் உட்கார்ந்து கவனித்தால்

தலைமை அலுவலகத்தில் இருந்து இதைச் சொல்வது சுலபம். நான் ஒரு நாட்டு அலுவலகத்தில் களப்பணியைப் பார்த்துக்கொள்கிறவன். கவனிப்பு என்றால் என்னவென்று புதுப்பொறுப்புக்குத் தெரியட்டும், அதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு வீட்டுக்குள் போக வேண்டும், அதுவும் பெண் கணக்கெடுப்பாளர். அதற்கே 5 மணிக்கு வண்டி வேண்டும், பாதுகாப்பு வேண்டும். சமையல் செய்யும் இடமும் தண்ணீர் இருக்கும் இடமும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு 3 மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. டேப்லெட்டில் ஒவ்வொரு தருணத்தையும் குறிக்க வேண்டும்: குழந்தை மலம் கழித்தது, அம்மா சுத்தம் செய்தார், கை கழுவினாரா, தண்ணீர் மட்டுமா, சோப்பா, ஒரு கையா, இரண்டு கையா, கழுவியது அவரேவா அல்லது பாட்டியா. இதெல்லாம் இருபது விநாடியில் முடிந்துவிடும். நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து "இவங்க யாரு" என்று பேச்சுக் கொடுப்பார். 3 மணி நேரத்தில் சில வீடுகளில் நமக்கு வேண்டிய தருணம் ஒன்றுகூட வராது. குழந்தை ஒத்துழைக்க வேண்டாமா?

ஒப்புதல் வாங்குவதும் தலைவலி. கை கழுவுவதைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் சோப்பு தீர்ந்துவிடும். "வீட்டின் அன்றாட வேலைகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கவனிக்கிறோம்" என்று சொல்லித்தான் போவோம். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அந்த வாசகத்துக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும், முடிந்ததும் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். 3 நாடு என்றால் 3 குழு. 3 மாதத்தில் பேஸ்லைன் என்கிறீர்கள், அனுமதிக்கே அது போய்விடும். இன்றைக்கே விண்ணப்பத்தை எழுத உட்காருங்கள்.

அளவுகோல்

இவர் சொல்வது அத்தனையும் சரி. அதனால்தான் இரண்டு அடுக்காக வைக்கச் சொல்வேன். கவனிப்பை ஒரு சிறிய துணை சாம்பிளில் மட்டும் வையுங்கள். மற்ற எல்லா வீட்டிலும், கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குறிப்பது போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நடத்தும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டம் ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்கு 6.2-க்கு (எல்லோருக்கும் கழிப்பறை, சுகாதார வசதி) அதைத்தான் பயன்படுத்துகிறது. சோப்பு இருந்தால் கழுவினார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் சோப்பே இல்லாத வீட்டில் கழுவவில்லை என்பது கிட்டத்தட்ட நிச்சயம். ஒரு நிமிட வேலை, நாடுகளுக்கிடையே ஒப்பிடவும் முடியும்.

சந்தேகப்பிராணி

எல்லோரும் எதை அளப்பது என்றே பேசுகிறீர்கள். எதோடு ஒப்பிடுவது? பேஸ்லைனில் 20 சதவீதம், எண்ட்லைனில் 30 சதவீதம், அதனால் திட்டம் வெற்றி என்று எழுதப் போகிறாரா? 4 வருடத்தில் தண்ணீர்க் குழாய் வந்திருக்கும், ஏதாவது கொள்ளைநோய் வந்து போயிருக்கும், அரசே தனியாக ஒரு பிரச்சாரம் நடத்தியிருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எடுக்கிற எண்ட்லைனுக்குச் செலவு செய்வதைவிட அந்தப் பணத்துக்கு சோப்பு வாங்கிக் கொடுத்துவிடலாம்.

புர்கினா ஃபாசோவில் வானொலிப் பிரச்சாரத்தை அப்படித்தான் சோதித்தார்கள். 14 சமூக வானொலிப் பகுதிகள், குலுக்கல் முறையில் 7-இல் மட்டும் பிரச்சாரம், 2012-ல் தொடங்கி 35 மாதம். குழந்தை இறப்பு விகிதம் பிரச்சாரப் பகுதிகளில் நன்றாகக் குறைந்தது. முன்-பின் மட்டும் பார்த்திருந்தால் கேக் வெட்டியிருப்பார்கள். ஒப்பீட்டுப் பகுதிகளிலும் அதேபோலக் குறைந்திருந்ததால்தான் இறப்பில் பிரச்சாரத்தின் பங்கு இவ்வளவு என்று காட்ட முடியாமல் போனது.

அளவுகோல்

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் சந்தேகம். சுகாதார நிலையங்களின் வழக்கமான பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது, பிரச்சாரப் பகுதிகளில் குழந்தைகளை மருத்துவம் பார்க்கக் கொண்டுவருவது கூடியிருந்தது தெரிந்தது. வெறும் 14 பகுதிகளை வைத்துக்கொண்டு இறப்பில் வித்தியாசம் காட்டுவது மிகக் கடினம். நடத்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தபோது ஏதோ நடந்திருப்பது தெரிந்தது. புதுப்பொறுப்புக்கு இதில் இருக்கிற சேதி: வயிற்றுப்போக்கு, வளர்ச்சிக் குறைபாடு போன்ற நோய் விளைவுகளைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. உங்கள் பொறுப்பு நடத்தை வரைக்கும்தான் என்று லாக்ஃபிரேமிலேயே கோடு போடுங்கள். ஒடிசாவில் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆனது, நோய் குறையவில்லை. 2014-ல் வந்த முடிவு அது. நடத்தைக்கும் நோய்க்கும் நடுவில் நம் கைக்கு எட்டாத பல கண்ணிகள் இருக்கின்றன.

சந்தேகப்பிராணி

ஒடிசா உதாரணம் எனக்குத்தான் சாதகம். ஒப்பீட்டு கிராமங்கள் இருந்ததால்தானே அது தெரிந்தது. தவிர, கழிப்பறை கட்டியது வெளியீடு (திட்டம் நேரடியாகச் செய்து முடித்தது), அதைப் பயன்படுத்துவது நடத்தை. நடத்தையே முழுதாக மாறவில்லை, அப்புறம் நோய் எப்படிக் குறையும்?

அளவுகோல்

அது ஒத்துக்கொள்கிறேன். குலுக்கல் முறை முடியாத இடத்தில் கட்டம் கட்டமாகப் போகலாம். எப்படியும் முதல் வருடமே எல்லா மாவட்டத்துக்கும் போக ஆளும் இல்லை, பணமும் இல்லை. கடைசியாகப் போகப்போகும் மாவட்டங்களே முதல் 2 வருடத்துக்கு ஒப்பீடு. எந்த மாவட்டம் எப்போது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தால் இன்னும் நல்லது. ஆனால் இந்தப் பேச்சு திட்ட வரைபடம் கையெழுத்தாவதற்கு முன் நடக்க வேண்டும். பிரச்சாரம் தொடங்கிய பின் எம் அண்ட் இ தலைவர் "ஒப்பீடு வேண்டும்" என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தரவுத்தச்சன்

சாம்பிள் கணக்கை யாரும் தொடவில்லை, நான் தொடுகிறேன்.

20-லிருந்து 30 சதவீதமாக மாறியதை வழக்கமான 80 சதவீதத் திறன் (உண்மையில் மாற்றம் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பில் (இல்லாத மாற்றத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) பிடிக்க ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 290 பேர் வேண்டும். இது எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். நாம் ஊர் ஊராகப் போய் ஊருக்கு 20 வீடு எடுப்போம். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள், அதற்கான ஒற்றுமைக் கெழு 0.05 என்று வைத்தால் டிசைன் எஃபெக்ட் (சாம்பிளை எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்பது) 1 + 19 × 0.05 = 1.95. ஆக சுமார் 570. 3 நாட்டுக்கும் தனித்தனி முடிவு வேண்டும் என்றால் 1,700-க்கு மேல். ஒப்பீட்டுக் குழு வைத்தால் அதற்கு இரண்டு மடங்கு. இத்தனையும் ஒரு சுற்றுக்குத்தான். கணக்கு இப்படி ஏறும்போதுதான் "ஒவ்வொரு நாட்டிலும் ஆண், பெண், நகரம், கிராமம், வயது வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அப்போது இந்தக் கணக்கை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் பேஸ்லைன் முடிந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். தாய்ப்பால் இண்டிகேட்டருக்கு 6 மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைகள் மட்டுமே கணக்கு. ஆயிரம் பேருக்கு வருடம் 30 பிறப்பு உள்ள இடத்தில், வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால், 100 வீட்டில் அப்படிப்பட்ட குழந்தை 7 தேறும். கை கழுவ எடுத்த 570 வீட்டில் 40 குழந்தை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதலில் ஊரில் வீட்டுப் பட்டியல் எடுத்து, குழந்தை உள்ள வீடுகளைத் தனியாகப் பிரித்துத்தான் சாம்பிள் எடுக்க வேண்டும். பட்டியல் எடுக்கும் செலவைப் பட்ஜெட்டில் போட்டிருக்கிறார்களா பாருங்கள். போட்டிருக்க மாட்டார்கள்.

புதுப்பொறுப்பு

பார்த்தேன். போடவில்லை!

தாய்ப்பால் பற்றி ஒரு சந்தேகம். நாட்டுக் குழு ஒன்று "முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தீர்களா" என்று அம்மாக்களைக் கேட்கலாம் என்கிறது. இன்னொரு குழு "நேற்று என்ன கொடுத்தீர்கள்" என்று கேட்கிறது. இரண்டில் வரும் எண்ணும் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை.

மழைத்துளி

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் முறை நேற்றைய 24 மணி நேரம். பொதுவாக எல்லா நாட்டுக் கணக்கெடுப்பும் அதையே பின்பற்றுகிறது, நீங்களும் அதையே எடுங்கள். அதன் குறை தெரிந்திருக்க வேண்டும்: போன வாரம் தண்ணீர் கொடுத்த அம்மா நேற்று கொடுக்காவிட்டால் "தாய்ப்பால் மட்டும்" கணக்கில் வந்துவிடுவார். உண்மையில் முழு 6 மாதமும் அப்படியே கொடுத்தவர்கள் இதைவிடக் குறைவு. அதை அறிக்கையில் "6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்த தாய்மார்கள்" என்று எழுதினால் தவறு, ஆனால் அப்படித்தான் பலர் எழுதுகிறார்கள். சாம்பிளில் பச்சைக் குழந்தைகள் அதிகம் வந்தால் எண் தானாக உயரும், 5 மாதக் குழந்தைகள் அதிகம் வந்தால் இறங்கும். அதனால் இரண்டு சுற்றிலும் வயதுப் பங்கீட்டைச் சரிபார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். 2021-ல் புதுப்பித்த வழிகாட்டியில், பிறந்து முதல் 2 நாள் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்டதா என்பது தனி இண்டிகேட்டராக இருக்கிறது. உங்கள் திட்டம் மருத்துவமனைப் பிரசவத்தோடு சேர்ந்து வேலை செய்தால் மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும்.

நான் எம் அண்ட் இ ஆள் இல்லை, செய்தி வடிவமைக்கிற பக்கம். எங்கள் பக்கத்துக் குறை ஒன்றையும் கேளுங்கள். எம் அண்ட் இ ஆட்கள் தொடக்கத்தையும் முடிவையும் அளப்பார்கள், நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க மாட்டார்கள். நடத்தை மாறவில்லை என்று அறிக்கை வந்தால் பழி செய்தியின் மேல் விழும். செய்தி ஆட்களைப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தவர்களுக்குப் பிடித்ததா? வீடு வீடாகப் போகும் திட்டப் பணியாளர் சொன்னபடி வந்தாரா? இது தெரியாமல் எதைத் திருத்துவது? 2018-ல் முடிவுகள் வந்த வாஷ் பெனிஃபிட்ஸ் (தண்ணீர், கழிப்பறை, கை கழுவுதல், ஊட்டச்சத்து) சோதனைகளைப் பாருங்கள். வங்கதேசத்தில் பணியாளர்கள் மாதத்துக்குப் பலமுறை வீட்டுக்குப் போனார்கள், வயிற்றுப்போக்கு குறைந்தது. கென்யாவில் மாதம் ஒருமுறை போல, அங்கே குறையவில்லை. போன எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, இரண்டு நாட்டின் நிலைமையும் வேறு. ஆனால் வருகையைப் பதிவு செய்திருந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிகிறது.

"அவசியம் தெரிந்தவர்களின் சதவீதம்" போன்ற அறிவு இண்டிகேட்டர்களைத் தூக்கி எறியுங்கள். கிருமியைப் பற்றித் தெரியாதவர் இன்று குறைவு. 2014-ல் வெளியான சூப்பர் அம்மா ஆய்வு ஆந்திர கிராமங்களில் கிருமி, நோய் என்று பேசவே இல்லை. அருவருப்பு, நல்ல அம்மா என்ற பெருமை, ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்ற எண்ணம், இவற்றை வைத்து வேலை செய்தார்கள். 6 மாதத்தில் சோப்பு போட்டுக் கழுவிய தருணங்கள் 37 சதவீதம், ஒப்பீட்டு கிராமங்களில் 6. அறிவை அளந்திருந்தால் அங்கே எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. நடுவில் அளக்க வேண்டியது "ஊரில் மற்றவர்கள் செய்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா", "செய்யாவிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களா" என்கிற மாதிரியான விஷயங்கள்.

களத்துக்காரன்

மழைத்துளி சொன்ன "நடுவில்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். கண்காணிப்பு என்ற பெயரில் எங்களிடம் வருவது டார்கெட் தாள்தான். மாதம் இத்தனை வீட்டு வருகை. பணியாளர் மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பிவிடுவார், 100 சதவீதம் காட்டும், டேஷ்போர்டு பச்சையாக இருக்கும். ஓர் எண்ணுக்குப் பரிசோ தண்டனையோ கட்டினால் அந்த எண் கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்பெல் 1970-களிலேயே எழுதிவிட்டார். எங்கள் பணியாளர்கள் கேம்பெல்லைப் படித்ததில்லை, ஆனால் நன்றாகவே நிரூபிக்கிறார்கள்.

அளவுகோல்

இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய உப்பு-வெல்லக் கரைசல் திட்டம். 1980-லிருந்து 1990 வரை, 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் தயாரிப்பதை வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். பணியாளரின் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து இல்லை. சில வாரம் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் அந்த வீடுகளில் சிலவற்றைக் குலுக்கி எடுத்துப் போவார். அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கிறது, கரைசலைச் சரியாகச் செய்து காட்ட முடிகிறதா என்று பார்ப்பார். செய்த கரைசலை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் உப்பின் அளவையும் சோதித்தார்கள். சம்பளம் அதைப் பொறுத்து.

கதை அதோடு முடியவில்லை. அம்மாக்களுக்கு எல்லாம் நினைவிருந்தது, கரைசல் சரியாக இருந்தது, ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பயன்படுத்தியவர்கள் சொற்பம். பயன்பாட்டையும் தனியாக அளந்ததால்தான் இது வெளியே வந்தது. காரணம் தேடிப் போனபோது, பணியாளர்களிலேயே பலருக்குக் கரைசலில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவும் இல்லை. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் பயன்பாடு ஏறியது.

உங்கள் 3 நாட்டிலும் முதல் ஆறு மாதத்துக்குள் இதே கேள்வியைக் கேளுங்கள்: நம் பணியாளர்கள் சோப்பு போட்டுக் கழுவுகிறார்களா? களத்து அலுவலகக் கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா?

களத்துக்காரன்

கடைசிக் கேள்வியை எங்கள் அலுவலகத்தில் கேட்க வேண்டாம்.

சந்தேகப்பிராணி

ஆக, முடிவுக்குப் பணம் கட்டலாம், ஆனால் அளப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது. அப்படியானால் நாட்டு எம் அண்ட் இ அலுவலர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்? சம்பளம் போடுவது, மதிப்பெண் போடுவது எல்லாம் நாட்டு இயக்குநர். கெட்ட எண்ணை அவர் எப்படி வெளியே விடுவார்?

பழைய ஆசாமி

இழையை இப்போதுதான் படித்தேன். பன்னாட்டுத் திட்டத்தில் "தலைமை" என்றால் உண்மையில் என்ன என்பதை சந்தேகப்பிராணி தொட்டுவிட்டார். 3 நாட்டு அலுவலர்களும் உங்களுக்குக் கீழே இருக்க மாட்டார்கள். யாருக்குக் கீழே யார் என்று காட்டும் நிறுவனப் படத்தில் உங்களோடு புள்ளிக்கோடு போட்டு இணைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதிகாரம் இல்லாமல் வேலை வாங்க வேண்டும்.

அதற்கு என் அனுபவத்தில் உதவுவது ஒன்றுதான்: அவர்களுக்கு வேண்டியதை முதலில் கொடுப்பது. நாட்டு இயக்குநருக்கு உங்கள் ஒட்டுமொத்த எண் தேவையில்லை. எந்த மாவட்டத்தில் எந்தப் பணியாளர் வராமல் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு பக்கத் தாளை மாதாமாதம் அவருக்கு முதலில் போகும்படி செய்யுங்கள். அப்புறம் நீங்கள் கேட்கும் பொதுவான 6, 7 இண்டிகேட்டர் மூன்று நாட்டிலிருந்தும் ஒரே வரையறையில் வரும். மற்றவற்றை நாடு தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பொது இண்டிகேட்டருக்கும் ஒரு வரையறைத் தாள் எழுதுங்கள்: தொகுதி (மேல் எண்) எது, பகுதி (கீழ் எண்) எது, யாரைக் கேட்கிறோம், யாரை விடுகிறோம், எப்போது, யார் சரிபார்க்கிறார்கள். அலுப்பான வேலை. இரண்டாம் வருடம் பாதிப்பேர் வேலை மாறிப் போனபின் அந்தத் தாள் மட்டும்தான் மிஞ்சும்.

பணம் பற்றி: எம் அண்ட் இக்குத் திட்டச் செலவில் 5 முதல் 10 சதவீதம் என்று சொல்வது வழக்கம். கவனிப்பும் வீட்டுப் பட்டியலும் ஒப்பீட்டு மாவட்டங்களும் வேண்டும் என்றால் 5 போதாது. பேஸ்லைனுக்கு முன்பே அதைப் பேசுங்கள்.

வேறு யாராவது நடத்தும் கணக்கெடுப்பை நம்பி எண்ட்லைனைத் தொங்கவிடாதீர்கள். 1984-லிருந்து பல நாடுகளில் நடந்துவந்த டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார) கணக்கெடுப்புகள் 2025 தொடக்கத்தில் அமெரிக்க நிதி நின்றபோது நடுவழியில் நின்றன. அதையே எண்ட்லைனாக எழுதிவைத்த திட்டங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன.

தரவுத்தச்சன்

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்லைன் மழைக்காலத்தில், எண்ட்லைன் வறட்சியில் என்றால் தண்ணீர் கிடைப்பதே மாறிவிடும், கை கழுவுவதும் மாறிவிடும். வருடத்தின் அதே மாதங்களில் இரண்டையும் வையுங்கள். அனுமதி தாமதமாகி பேஸ்லைன் தள்ளிப்போனால் எண்ட்லைனையும் அதே அளவு தள்ளத் திட்டக் காலம் இடம் கொடுக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தரவு சேகரிப்புக்கு கோபோ அல்லது ஓடிகே போன்ற படிவச் செயலி தாராளமாகப் போதும், மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு மாதம் வீணடிக்க வேண்டாம். அதைவிட, தினமும் மாலை வந்த தரவை அன்றிரவே பாருங்கள். ஒருவர் மட்டும் பேட்டியை எல்லோரையும்விடப் பாதி நேரத்தில் முடிக்கிறாரா? அவர் போன வீடுகளில் மட்டும் 6 மாதத்துக்குக் கீழே குழந்தைகளே இல்லையா? குழந்தை இருந்தால் இன்னும் இருபது கேள்வி கேட்க வேண்டியிருக்கும், அதனால் குழந்தைக்கு ஏழாவது மாதம் ஆகிவிடும். இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. பத்தில் ஒரு வீட்டுக்காவது மேற்பார்வையாளர் மறுநாள் போய், பதில் மாறாத நாலைந்து கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். குழந்தையின் பிறந்த தேதி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

புதுப்பொறுப்பு

எல்லோருக்கும் நன்றி. நாட்டுக் குழுக்களோடு பேசி முடித்துவிட்டு வருகிறேன். நிலவரம் இது:

பொது இண்டிகேட்டர் 7 ஆகிவிட்டது. அறிவு சம்பந்தப்பட்டவை எல்லாம் போயின. வயிற்றுப்போக்கு இண்டிகேட்டரை நீக்க நிதி கொடுப்பவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, "பின்னணித் தகவல், திட்டத்தின் இலக்கு இல்லை" என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம். கவனிப்பு ஒவ்வொரு நாட்டிலும் துணை சாம்பிளில் மட்டும். இரண்டு நாட்டில் மாவட்ட வரிசையைக் குலுக்கிப் போட ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது நாட்டில் அமைச்சகம் ஏற்கெனவே மாவட்டங்களை அறிவித்துவிட்டது, அங்கே ஒப்பீடு பலவீனமாகத்தான் இருக்கும். பேஸ்லைன் 2 மாதம் தள்ளிப்போகிறது.

சந்தேகப்பிராணி

அந்த மூன்றாவது நாட்டின் எண்ணை மற்ற இரண்டோடு சேர்த்து ஒரே சராசரியாகப் போட்டுவிடாதீர்கள். தனியாகவே காட்டுங்கள், ஏன் தனி என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

அளவுகோல்

7 நல்ல எண்ணிக்கை. வயிற்றுப்போக்குக் குறிப்பை ஒவ்வொரு அறிக்கையிலும் திரும்பப் போடுங்கள். இரண்டாம் வருடம் புது அதிகாரி வந்து அதையே தலைப்பாக்கப் பார்ப்பார். பேஸ்லைன் கேள்வித்தாளை இங்கே போடுங்கள், ஆளுக்கொரு கத்தரிக்கோலோடு உட்காருகிறோம்.

புதுப்பொறுப்பு

போடுகிறேன். இப்போதைக்கு 112 கேள்வி இருக்கிறது, திட்டாதீர்கள்.

களத்துக்காரன்

112-ஆ! காலை 6 மணிக்கு எழுந்து போகிறவர் சார்பில் சொல்கிறேன், அதில் பாதியை நீங்களே வெட்டிவிட்டு அப்புறம் இங்கே போடுங்கள்.